பத்து வருட மழை, பதினொரு இடைவெளி: புள்ளி நிலைச் சூத்திரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வயல் வீதி ஒன்றுக்கு மதகு போடுவதற்காகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் இருந்தது ஒரே மழைக் குறிப்புக் கொப்பி. "பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒருவர் ஒரு விடை சொன்னார். பக்கத்து மேசையில் இருந்தவர் அதைவிட ஏறக்குறையக் கால்வாசி கூடிய விடை சொன்னார். இரண்டு பேரும் கூட்டல் கழித்தலில் பிழை விடவில்லை. எண்களை வரிசைப்படுத்திய பிறகு, ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த நிகழ்தகவைக் கொடுப்பது என்பதில்தான் பிரிந்துவிட்டார்கள். அன்றைக்கு அரை நாள் அதிலேயே போனது. அதன் பிறகு மாணவர்களும், கமக்கார அமைப்பில் இருப்பவர்களும், உத்தியோகத்தர்களும் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கீழே வரும் எடுத்துக்காட்டு எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை. எந்த நிலையத்தின் உண்மைப் பதிவும் அல்ல. பத்து வருடங்களில், ஒவ்வொரு வருடமும் ஒரே நாளில் பெய்த அதிகூடிய மழை, சிறிதிலிருந்து பெரிதாக, மில்லிமீற்றரில்:

74, 83, 88, 96, 105, 118, 124, 132, 151, 210

புள்ளி நிலை என்றால் என்ன?

வரிசைப்படுத்திய தரவில் ஒவ்வொரு எண்ணையும் வரைபுத்தாளில் குறிக்க வேண்டும். மழை அளவு ஓர் அச்சில் போகும், அது தெரியும். மற்ற அச்சில் நிகழ்தகவு. 151 மில்லிமீற்றரை நிகழ்தகவு அச்சில் எந்த இடத்தில் வைப்பது? 80 வீதத்திலா, 85 வீதத்திலா, 90 வீதத்திலா? அந்த இடத்தைத்தான் ஆங்கிலத்தில் புளொட்டிங் பொசிசன் என்கிறார்கள். நான் புள்ளி நிலை என்று சொல்கிறேன். சாதாரண தரக் கணிதத்தில் திரள் மீடிறன் வளையி வரைந்து காலணை கண்டிருப்பீர்களே, அதே வேலைதான். ஆனால் ஆயிரம் பேரின் புள்ளிகளுக்குப் பதிலாகப் பத்தே பத்து எண்களை வைத்துச் செய்கிறோம். எண்கள் குறையக் குறைய, எங்கே குறிக்கிறோம் என்பது பெரிய விடயமாகிவிடும்.

பத்தில் பத்தாவது என்றால் 100 வீதம். இதில் குழப்பம் என்ன?

வரிசை எண்ணை மொத்தத்தால் வகுக்கும் இந்த முறையைக் கலிபோர்னியா முறை என்பார்கள். 1923 இல் அங்கே பாவிக்கப்பட்டது. அதன்படி 210 க்கு 100 வீதம் கிடைக்கும். அதாவது, இனி எந்த வருடமும் 210 ஐத் தாண்டவே தாண்டாது என்று எழுதிக் கையொப்பம் வைத்தது போல. மட்டக்களப்பில் ஒரு மாரி இருந்து பார்த்தவர் எவரும் அதில் கையொப்பம் வைக்கமாட்டார். நிகழ்தகவுத் தாளிலும் (நிகழ்தகவு அச்சைச் சமமற்ற இடைவெளிகளில் கோடிட்ட வரைபுத்தாள்) 100 வீதம் என்று ஒரு கோடு கிடையாது. அது முடிவிலியில் இருக்கிறது. இருப்பதிலேயே முக்கியமான புள்ளி தாளுக்கு வெளியே போய்விடும்.

அப்போ ஏன் ஒன்றைக் கூட்டி வகுக்கிறார்கள்?

வெய்புல் சூத்திரம் இதுதான்: வரிசை எண் ÷ (மொத்தம் + 1). சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் வலோடி வெய்புலின் 1939 ஆம் வருட வேலையோடு இதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பிறகு 1958 இல் அதியுச்ச மதிப்புகள் பற்றிய தன் நூலில் குமபெல் இதையே ஆதரித்தார்.

காரணம் மிக அழகானது. வயல் வரம்பில் பத்துக் கம்புகளை நட்டுப் பாருங்கள். முதல் கம்புக்கு முன்னாலும் கடைசிக் கம்புக்குப் பின்னாலும் இருக்கும் இடங்களைச் சேர்த்து எண்ணினால் பதினொரு இடைவெளிகள். பத்து மழை அளவுகளும் அப்படித்தான் எண்கோட்டைப் பதினொரு துண்டாக வெட்டுகின்றன. இனி வரப்போகும் பதினோராவது வருட மழை அந்தத் துண்டுகளில் ஏதோ ஒன்றில் விழ வேண்டும். வருடங்களுக்கிடையே பாகுபாடு எதுவும் இல்லை, எந்த வருடமும் மற்றதைப் போலத்தான் என்று எடுத்தால், பதினொரு துண்டுக்கும் ஒரே வாய்ப்பு. ஆகவே அடுத்த வருடம் 210 ஐத் தாண்டும் வாய்ப்பு 11 இல் 1. 74 க்குக் கீழே போகும் வாய்ப்பும் 11 இல் 1.

இதற்கு மழையின் பரம்பல், அதாவது எந்த அளவு எவ்வளவு அடிக்கடி வரும் என்ற வடிவம், செவ்வனா, குமபெல்லின் பெயரில் உள்ளதா, வேறு ஏதுமா என்று ஒன்றும் தெரியத் தேவையில்லை. எந்தப் பரம்பலுக்கும் இது அப்படியே பொருந்தும். புள்ளிவிபரவியலில் இவ்வளவு குறைவாகக் கேட்டு இவ்வளவு உறுதியாகப் பதில் தரும் விடயங்கள் அதிகம் இல்லை. முதல் முறை இதை விளங்கிக்கொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவ்வளவு நல்லதென்றால் மற்றச் சூத்திரங்கள் எதற்கு?

வேறு கேள்விக்கு விடையாக வந்தவை அவை. பெரும்பாலானவற்றை ஒரே அச்சில் வார்க்கலாம்:

(வரிசை எண் − அ) ÷ (மொத்தம் + 1 − 2அ)

"அ" என்ற ஒரு சிறு எண்தான் மாறுகிறது. அ = 0 என்றால் வெய்புல். அ = 0.5 என்றால் ஹேசன். அமெரிக்கப் பொறியியலாளர் அலன் ஹேசன் 1914 இல் நீர்த்தேக்கங்களின் கொள்ளளவு பற்றி எழுதியபோது கொண்டுவந்தது. நிகழ்தகவுத் தாளையும் அவர்தான் அறிமுகப்படுத்தினார். இரண்டுக்கும் நடுவில் டுக்கி (1962) மூன்றில் ஒன்று என்றார், புளொம் (1958) எட்டில் மூன்று என்றார், கனேன் (1978) 0.4 என்றார், கிரிங்கோர்டன் (1963) 0.44 என்றார். அ = 0.3 என்று வைத்தால் இடையத்துக்கு மிகக் கிட்டிய நிலை கிடைக்கும்; இயந்திரப் பாகங்களின் ஆயுளைக் கணிப்பவர்கள் அதை விரும்புவார்கள்.

வெய்புல் நிகழ்தகவின் சராசரியைச் சரியாகத் தருகிறது. ஆனால் சிலருக்கு வேண்டியது மழை அளவின் சராசரி: "பத்து வருடப் பதிவுகள் பலவற்றை எடுத்தால் அவற்றின் உச்ச மழை சராசரியாக எவ்வளவு, அந்த அளவு வளையியில் எங்கே நிற்கும்?" வளையி வளைந்திருப்பதால் இந்த இரண்டும் ஒரே இடத்தில் விழாது. குமபெல் பரம்பலுக்கென்று கோடிட்ட நிகழ்தகவுத் தாளில் நேர்கோடு பொருத்தி, அந்தக் கோட்டிலிருந்து மழை அளவை வாசிப்பவருக்குக் கிரிங்கோர்டன் பொருத்தம். செவ்வன் பரம்பலுக்குப் புளொம். எந்தப் பரம்பல் என்று தெரியாத நிலையில் பொதுவாக ஓடக்கூடியது கனேன். 2006 இல் பின்லாந்தின் மக்கோனன் வெய்புல் ஒன்றுதான் சரி, மற்றவை கைவிடப்பட வேண்டியவை என்று வாதிட்டார், மறுத்தவர்களும் உண்டு. என் எண்ணம் இது: அடுத்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் வெய்புல். கோடு பொருத்தப் போகிறீர்கள் என்றால் கனேன் அல்லது கிரிங்கோர்டன். கேள்வி எது என்று முதலில் முடிவெடுங்கள்.

மகளின் கணிதக் கொப்பியில் முதலாம் காலணை 86.75. எக்செலில் போட்டால் 90. யார் பிழை?

இரண்டு பேரும் சரி. பாடசாலையில் (மொத்தம் + 1) இன் கால்வாசி என்று இடத்தைக் காண்கிறோம். 11 இன் கால்வாசி 2.75. இரண்டாவது எண் 83, மூன்றாவது 88. இடையில் முக்கால் தூரம் போனால் 86.75. அது வெய்புல் முறையேதான், பெயர் சொல்லாமல் கற்பிக்கிறார்கள்.

எக்செலின் வழமையான கட்டளை வேறு மாதிரி எண்ணுகிறது. (வரிசை எண் − 1) ÷ (மொத்தம் − 1) என்று வைத்து, மிகச் சிறியதற்கு 0 வீதமும் மிகப் பெரியதற்கு 100 வீதமும் கொடுக்கும். மகளுக்கு எக்செல் விடையைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். பரீட்சைக்குக் கொப்பியில் இருப்பதே சரி.

90 ஆவது சதமணை கேட்டபோது அதே எக்செல் இரண்டு விடை தந்தது. இது எப்படி?

மேலே சொன்ன மதகுத் தகராறின் வேர் இதுதான். எங்கள் பத்து எண்களில் செய்து பார்ப்போம். சதமணை என்பது இத்தனை வீதமான எண்கள் அதற்குக் கீழே இருக்கும் என்ற அளவு. 90 ஆவது சதமணையைத் தாண்டும் வாய்ப்பு 10 வீதம், ஆகவே அது "பத்து வருடத்துக்கு ஒருமுறை" மழை.

ஐஎன்சி என்று முடியும் கட்டளை 9.1 ஆவது இடத்துக்குப் போகும். ஒன்பதாவது எண் 151, பத்தாவது 210, வித்தியாசம் 59. அதில் பத்தில் ஒரு பங்கு: 156.9. ஈஎக்ஸ்சி என்று முடியும் கட்டளை வெய்புல் வழியில் 9.9 ஆவது இடத்துக்குப் போகும்: 204.1. ஹேசன் வழியில் 9.5 ஆவது இடம்: 180.5. டுக்கி வழியில் 188.4.

ஒரே பத்து எண்கள், 157 இலிருந்து 204 வரை விடைகள். சிறிய குழாய் போதுமா, பெட்டி மதகு வேண்டுமா என்பதே இந்த இடைவெளியில் மாறிவிடலாம். இனி இடையத்தைப் பாருங்கள்: இந்த நான்கு முறையிலும் 111.5. நடுவில் எல்லோருக்கும் ஒரே வாக்கு, ஓரத்தில்தான் சண்டை. எங்களுக்கோ தேவைப்படுவது எப்போதும் ஓரம்தான்: வெள்ளம், வரட்சி, புயல்.

புள்ளிவிபர வேலைக்கான ஆர் என்ற கணினி மொழியில் சதமணை காண ஒன்பது வகை இருக்கிறது. 1996 இல் ஹைண்ட்மன், ஃபான் இருவரும் தொகுத்த பட்டியல் அது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஏழாவது வகையை எடுக்கும். எக்செல் ஐஎன்சியும் அதுதான். பைதான் கணினி மொழியின் நம்பை என்ற கணிப்புத் தொகுப்பும் சொல்லாமல் விட்டால் அதையே செய்யும். வெள்ள வேலைக்கு இந்த ஏழாவது வகையை நான் பாவிக்கமாட்டேன். கண்ட உச்சத்தையே உலகத்தின் உச்சமாக எடுக்கிறது அது.

ஈஎக்ஸ்சி கட்டளையில் 95 என்று கேட்டால் பிழைச் செய்தி வருகிறதே?

வரத்தான் வேண்டும். பத்து எண்களில் வெய்புல் முறை போகக்கூடிய உச்சம் 11 இல் 10, அதாவது 90.9 வீதம். அதற்கு மேலே உங்கள் தரவில் ஒன்றும் இல்லை என்று அது சொல்கிறது. பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு மற்றக் கட்டளைக்கு மாறி ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 95 வேண்டுமென்றால் ஒரு பரம்பலைப் பொருத்துங்கள், இல்லை நீண்ட பதிவு தேடுங்கள்.

சரி, எங்கள் 210 மில்லிமீற்றர் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை?

இந்தக் கேள்வியை என்னிடம் மிக நேராகக் கேட்டவர் ஒரு வயதான போடியார். வெள்ளாமை தண்ணீருக்குள் கிடக்க, வரம்பில் நின்றுகொண்டு, "இப்பிடி மழை இனி எப்ப தம்பி வரும்?" என்றார்.

தாண்டும் வாய்ப்பு 11 இல் 1 என்றால் 11 வருடத்துக்கு ஒருமுறை; இதை மீள்வருகைக் காலம் என்பார்கள். வெய்புல் சொல்வது அந்த 11 வருடம். கனேன் 17. கிரிங்கோர்டன் 18. ஹேசன் 20. இந்த நான்கையும் பார்த்து எது சரி என்று சண்டை பிடிப்பதற்கு முன்னால் இன்னொரு கணக்கைப் போடுங்கள். பத்து வருடத்தின் உச்ச மழை உண்மையில் எவ்வளவு அரிதானதாக இருந்திருக்கலாம்? பத்து எண்களும் ஓர் அளவுக்குக் கீழே இருக்கும் வாய்ப்பு, ஓர் எண் அந்த அளவுக்குக் கீழே இருக்கும் நிகழ்தகவைப் பத்துத் தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் வரும். 5 வீதத்துக்கு அதன் பத்தாம் மூலம் 0.741, 95 வீதத்துக்கு 0.9949. முதலாவது ஏறக்குறைய 4 வருட மழை. இரண்டாவது 195 வருட மழை.

ஆம், 4 இலிருந்து 195 வரை. இதுதான் 90 வீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது. முப்பது வருடப் பதிவு இருந்தால் கிட்டத்தட்ட 10 இலிருந்து 585 வரை. சூத்திரத்துக்குச் சூத்திரம் வரும் வித்தியாசம் இதற்கு முன்னால் சின்னது. பத்து வருடக் கொப்பியை வைத்துக்கொண்டு "இது 20 வருட மழை" என்று திட்டவட்டமாகச் சொல்லும் அறிக்கையை நான் நம்புவதில்லை. போடியாருக்கு நான் சொன்னது: "அடுத்த மாரியிலயும் வரலாம், உங்கட பேரன் காலத்திலயும் வரலாம். விதைக்கிற ஒவ்வொரு பெரும்போகத்திலயும் பதினொன்றில ஒரு பங்கு பயம் இருக்கு."

நூறு வருட வெள்ளம் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு வருடம் நிம்மதியா?

இல்லை. ஒவ்வொரு வருடமும் 1 வீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது வருடம் ஒரு வீட்டில் இருந்தால் குறைந்தது ஒருமுறை அதைக் காணும் வாய்ப்பு 26 வீதம். வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் நாலில் ஒரு பங்கு.

வருடம் என்றால் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரையா?

எங்கள் கரைக்கு அது பொருந்தாது. இங்கே மழை ஒக்டோபரில் தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்குப் போய், பெப்ரவரியில் ஓயும். மாரியின் நடுவயிற்றில் கத்தி வைத்தது போல டிசம்பர் 31 வருகிறது. டிசம்பர் கடைசியில் ஒரு பெருமழை, ஜனவரி முதல் வாரத்தில் அதன் தொடர்ச்சியாக இன்னொன்று என்றால், ஒரே மாரி இரண்டு வருடங்களின் உச்சமாகப் பதிவாகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று சூத்திரம் நினைத்துக்கொள்ளும்.

2011 இன் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் மூழ்கின, பெப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும். விதைத்தது 2010 இல், அழிந்தது 2011 இல். வயல்காரருக்கு அது ஒரே பெரும்போகம். ஆகவே ஒக்டோபர் 1 முதல் செப்டெம்பர் 30 வரை ஒரு நீர்வருடமாக எடுங்கள். எந்தச் சூத்திரம் என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால் விடை கூடுதலாகத் திருந்தும்.

பெரிதிலிருந்து வரிசைப்படுத்துவதா, சிறிதிலிருந்தா?

எப்படியும் செய்யலாம், ஆனால் பெரிதை 1 என்று எண்ணினால் கிடைப்பது தாண்டும் நிகழ்தகவு. சிறிதை 1 என்று எண்ணினால் தாண்டாத நிகழ்தகவு. பத்தியின் தலைப்பில் எதுவென்று எழுதிவிடுங்கள்.

ஒரே அளவு இரண்டு வருடம் வந்தால்?

இரண்டுக்கும் அடுத்தடுத்த வரிசை எண்களையே கொடுங்கள். கோடு பொருத்துவதில் பெரிய மாற்றம் வராது.

இடையில் சில வருடங்கள் பதிவு இல்லை. என்ன செய்வது?

ஏன் இல்லை என்று முதலில் கேளுங்கள். பதிவு எழுதுபவர் இடம்பெயர்ந்ததால் விடுபட்டது என்றால், அதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. இருக்கும் வருடங்களை மட்டும் எண்ணி மொத்தமாக எடுக்கலாம்.

வெள்ளம் மழைமானியையே அள்ளிக்கொண்டு போனதால் பதிவு இல்லை என்றால் கதை முற்றிலும் வேறு. அந்த வருடம்தான் எல்லாவற்றிலும் பெரியதாக இருக்கக்கூடும். அதை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஆபத்தான வருடங்களையே பொறுக்கி எறிந்தது போலாகும். அளவு தெரியாவிட்டாலும் அதற்கு ஒரு வரிசை இடம் கொடுங்கள்: மொத்தத்தில் ஒன்றைக் கூட்டி, கடைசி இடத்தை அதற்கென்று வெறுமையாக வையுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் அப்படி ஒரு வருடம் கூடினால் மொத்தம் 11. 210 க்கு வெய்புல் நிலை 90.9 இலிருந்து 12 இல் 10, அதாவது 83.3 வீதமாக இறங்கும். பதினொரு வருட மழை ஆறு வருட மழையாகிவிடும். ஒரு வெற்றுக் கட்டம் செய்யும் வேலை அது.

1978 சூறாவளி மாதிரி ஒன்று தரவில் இருந்தால் நீக்கிவிடலாமா?

நீக்க வேண்டாம். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கித் தென்னந்தோட்டங்களைச் சாய்த்துப் போட்ட அந்தச் சூறாவளி நடந்த ஒன்று. தாளில் அப்படி ஒரு புள்ளி தனியே மேலே நின்றால், அது வேறு காரணத்தால் வந்தது என்று பொருள் கொள்ளுங்கள். பருவக்காற்று மழை ஒரு குடும்பம், சூறாவளி மழை இன்னொரு குடும்பம். தரவு போதுமானால் இரண்டையும் பிரித்து ஆராயலாம். போதாவிட்டால் புள்ளியைக் காட்டி, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

அம்மம்மா வீட்டுச் சுவரில் 57 வெள்ளத்தின் தடம் இருக்கிறது. அது கணக்கில் சேருமா?

நிச்சயமாகச் சேரும், அதைத் தேடிப் போய் அளந்து வைக்க வேண்டும். 1957 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தடத்தை நீர் எத்தனை தடவை தாண்டியது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்தால், அளவெடுத்த வருடங்களுக்கு வெளியேயும் உங்கள் பதிவு நீண்டுவிடும். தடத்துக்குக் கீழே இருந்த வருடங்களின் சரியான அளவு தெரியாவிட்டாலும், அவை கீழே இருந்தன என்பதே தகவல்.

ஒரு கவனம். எண்ணத் தொடங்கும் வருடம் 1957 ஆக இருக்கக்கூடாது. வெள்ளம் வந்ததால்தானே அந்த வருடத்தைத் தேர்ந்தோம். அங்கிருந்து எண்ணினால் வெள்ளம் உண்மையைவிட அடிக்கடி வருவது போலத் தோன்றும். வீடு கட்டிய வருடத்தைக் கேளுங்கள். 1940 களில் கட்டிய வீடு என்றால் அங்கிருந்து எண்ணுங்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியிலும் இந்தச் சூத்திரம் வருகிறதா?

இல்லை. இசட் புள்ளி சராசரியையும் நியம விலகலையும் கொண்டு கணிக்கப்படுவது. வரிசை எண் அதில் இல்லை.

அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?

படத்தின் அடியில் இரண்டு வரி போதும். எங்கள் எடுத்துக்காட்டுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "பத்து நீர்வருடங்கள், ஒக்டோபர் முதல் செப்டெம்பர் வரை. ஒருநாள் உச்ச மழை. விடுபட்ட வருடம் இல்லை. புள்ளி நிலை கனேன், அ = 0.4, தரவைப் பார்ப்பதற்கு முன் தெரிவு செய்யப்பட்டது. உச்சப் புள்ளியின் மீள்வருகைக் காலம் 17 வருடம், 90 வீத எல்லைகள் 4 முதல் 195 வருடம்."